சீனாவில் வருகைதரு ஓவிய விரிவுரை: விசா, வகுப்பு, பொருள், பார்க்கும் இடங்கள்

#1 காவிரிக்கரை

ஹாங்சோவில் ஒரு ஓவியக் கல்லூரி இரண்டு வாரம் வகுப்பெடுக்க அழைத்திருக்கிறது. முடிந்ததும் பத்து நாள் ஊர் பார்க்க அவகாசம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட். பொதுவான சுற்றுலாக் குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது வரைகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர் கண்ணோட்டத்தில் விவரம். எந்த விசா? பாடத்தை எப்படித் தயார் செய்வது? தாள், மை, தூரிகை எதை வாங்கலாம்? எந்த மூலப்படத்தை எங்கே பார்க்கலாம்? பெய்ஜிங், ஷாங்காய், சிய்யான், ஜிங்தேசென், துன்ஹுவாங் ஐந்தும் இப்போதைக்குப் பட்டியலில் இருக்கின்றன. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெட்டைப்பனை

பத்து நாளில் ஐந்து ஊர் என்றால் ரயில் நிலையங்களைத்தான் நன்றாகப் பார்ப்பீர்கள். ஹாங்சோவிலிருந்து துன்ஹுவாங் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 2,500 கி.மீ., சென்னை–தில்லியைப் போல் ஒன்றரை மடங்கு. பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். எதை அடிப்பது என்பதைக் கீழே சண்டை போட்டு முடிவு செய்வோம்.

முதலில் மாதம் என்ன? அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை, மே 1 ஒட்டிய நாட்கள், சீனப் புத்தாண்டு, இந்த மூன்றிலும் நகராதீர்கள். ரயிலில் இடம் இருக்காது, அருங்காட்சியகத்தில் தலைகள்தான் தெரியும்.

#3 சிங்கைவாசி

விசா பற்றி. பண்பாட்டுப் பரிமாற்றம், கல்விப் பயணம் என்றால் எஃப் விசா. ஊதியம் வாங்கி வேலை செய்வது என்றால் இசட் வகை. 90 நாளுக்குக் குறைவான வேலைக்கும் தனி அனுமதி நடைமுறை இருக்கிறது. பயணச்செலவும் தங்குமிடமும் மட்டும் தருகிறார்களா, வகுப்புக்குக் கட்டணம் தருகிறார்களா என்பதை வைத்துத்தான் வகை முடிவாகும். அதைக் கல்லூரியின் வெளிநாட்டு விவகாரப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டணம் உண்டு என்றால் வரி பிடித்தது போகக் கையில் எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், வரும் நாள், போகும் நாள், பயண நோக்கம், எந்தெந்த ஊர், செலவு யாருடையது, கல்லூரி முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். வகுப்புக்குப் பிறகு சுற்றப்போகும் நாட்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்புத் தேதியை மட்டும் போட்டு அனுப்புவது வழக்கம். விசாவும் அதே நீளத்துக்குத்தான் வரும், பிறகு ஊர் பார்க்க நாள் இருக்காது.

சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்கள் 9.2.2024 முதல் 30 நாள் விசா இல்லாமல் போகலாம். ஆனால் அதில் வேலை அடங்காது.

இன்னொன்று. ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். கல்லூரி விருந்தினர் விடுதியோ யார் வீடோ என்றால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். விடுதிக்காரர் செய்துவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

#4 வகுப்பறை

பாடத் தயாரிப்புக்கு வருகிறேன். தொடர் மொழிபெயர்ப்பில் நடக்கும் 90 நிமிட வகுப்பில் உங்கள் பேச்சு 40 நிமிடத்துக்கு மேல் போகாது. ஊரில் ஒன்றரை மணிக்குத் தயாரித்த 80 ஸ்லைடைக் கொண்டுபோனால் பாதியில் மணி அடித்துவிடும். 25, 30 படம் போதும். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். ஐந்து வாக்கியம் ஓட்டினால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கத்தைத்தான் சொல்வார், உங்கள் வாதம் பறிபோகும்.

மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் முதுகலை மாணவர். ஆங்கிலம் தெரியும், கலைச்சொல் தெரியாமல் இருக்கலாம். ஒரு வாரம் முன்பே ஸ்லைடையும், ஓவியர் பெயர், இடப்பெயர், நுட்பச் சொற்கள் அடங்கிய பட்டியலையும் அனுப்புங்கள். அவர் சீன எழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பட்டும். அதையே ஸ்லைடில் ஒட்டிவிடலாம். அஜந்தா, சோழர் என்று வாயால் மட்டும் சொன்னால் மாணவர்களுக்குப் போய்ச் சேராது. எழுத்தைப் பார்த்தால் அங்கேயே போனில் தேடிவிடுவார்கள்.

கூகுள் டிரைவ், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் கல்லூரி வைஃபையில் திறக்காது. உங்கள் நாட்டு சிம் ரோமிங்கில் இருந்தால் போனில் பெரும்பாலும் திறக்கும், ஆனால் அதை நம்பி வகுப்பை அமைக்கக் கூடாது. வீடியோக்களைக் கோப்பாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்லைடைப் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வையுங்கள். தமிழ் எழுத்துரு வகுப்புக் கணினியில் இல்லையென்றால் கட்டம் கட்டமாய்த் தெரியும். இரண்டு பென் டிரைவ், ஒரு எச்டிஎம்ஐ இணைப்பி, தட்டை முள் அடாப்டர். மின்சாரம் 220 வோல்ட், நம் மின்னூட்டிகள் வேலை செய்யும். உருண்டை மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது.

முக்கியமான எச்சரிக்கை: ஸ்லைடில் இந்திய வரைபடம் வேண்டாம். எல்லைக்கோடு விஷயத்தில் சீனச் சட்டம் கடுமை. நம் அரசு வெளியிடும் படம் அங்கே தவறான படம், அவர்கள் படம் இங்கே தவறு. எல்லோரா எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டுமென்றால் எல்லைகள் இல்லாத ஒரு செயற்கைக்கோள் படத்தில் புள்ளி வைத்தால் போதும். ஸ்லைடுகளை முன்கூட்டியே பார்வைக்குக் கேட்பார்கள், அது வழக்கமான நடைமுறைதான்.

#5 காவிரிக்கரை

மிக்க நன்றி சார். வரைபடம் விஷயம் என் தலையிலேயே ஏறியிருக்காது. மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள்? தஞ்சாவூர் ஓவியம் செய்து காட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

#6 வகுப்பறை

செய்து காட்ட வேண்டாம். படங்களாகக் காட்டுங்கள், முடித்த ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சு போட்டு, தேய்த்து, மக்கு வைத்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி… ஒவ்வொரு கட்டமும் காய வேண்டும். ஹாங்சோவில் ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை விடாத மழைக்காலம். அப்போது மக்கு காய இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு மேலே தாள் ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். தவிர, பெயர் ஒட்டாத வெள்ளைப் பொடியை விமான நிலையத்தில் விளக்குவது தனி வகுப்பு.

மாணவர்கள் பற்றி: கல்லூரிக்குள் வருவதற்கே மாநில அளவில் கலை நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். பென்சில் அல்லது கரியில் தலை, வண்ணத்தில் அசைவற்ற பொருட்கள், விரைவுக் கோட்டில் மனித உருவம். முதல் இரண்டுக்கும் பொதுவாக மூன்று மூன்று மணி நேரம். இதற்காகவே பயிற்சிக் கூடத்தில் மாதக்கணக்கில் நாள் முழுக்க வரைந்துவிட்டு வருகிறார்கள். ஒளிநிழல், உருவ அளவு, பொருளின் எடை இவற்றில் முதலாண்டு மாணவரே நம் இறுதியாண்டு மாணவரைத் தோற்கடிப்பார். இந்த முறைக்குச் சோவியத் வேர் உண்டு: 1955–57இல் சோவியத் ஓவியர் மாக்சிமோவ் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் எண்ணெய் வண்ண வகுப்பு நடத்தினார், அங்கே படித்தவர்கள் நாடெங்கும் ஆசிரியர்களானார்கள்.

ஆகவே "பார்த்து வரை" என்ற பயிற்சியில் நீங்கள் புதிதாகத் தர எதுவும் இல்லை. கண்முன் பொருள் இல்லாத பயிற்சி கொடுங்கள். புள்ளிக் கோலம் நல்ல தொடக்கம், மொழியே வேண்டாம். 7 வரிசைப் புள்ளி, ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் மூட வேண்டும், கை எடுக்கக் கூடாது. அடுத்து அதே கணக்கைத் தூரிகையும் மையும் கொண்டு பெரிய தாளில். இடையில் மை தீர்ந்து கோடு உலர்வது, தயங்கிய இடத்தில் மை ஊறுவது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த பிரச்சினை, தெரியாத வடிவத்தில் வரும்.

எங்கே பிசகும் என்றால், செய்முறை காட்டும் இடத்தில். நீங்கள் ஒரு முறை போட்டுக் காட்டினால் இருபது பேரும் அதையே போடுவார்கள். ஆசிரியரைப் படியெடுப்பது அங்கே மரியாதை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளைப் போட்டுக் காட்டுங்கள், எது சரி என்று சொல்லாதீர்கள். "கேள்வி உண்டா" என்றால் அறை அமைதியாக இருக்கும், அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியை வகுப்பின் வீசாட் (அவர்களுடைய வாட்ஸ்அப்) குழுவில் எழுதச் சொன்னால் கொட்டும்.

#7 வண்டல்

ஒரு சேர்க்கை. இந்தியக் கலையை எங்கே தொடங்குவது என்று யோசிக்கிறவர்கள் நேரே அஜந்தாவுக்குப் போகிறார்கள். சீன ஓவியர் ஷூ பெய்ஹோங்கிடம் தொடங்குங்கள். அவருடைய குதிரைகளை அறியாத சீன மாணவர் இல்லை. அவர் 1940இல் சாந்திநிகேதனில் இருந்தார், தாகூரை வரைந்தார். மலையைப் பெயர்க்கும் கிழவரின் பழங்கதையைப் பெரிய ஓவியமாக அந்த ஆண்டு இந்தியாவில்தான் தீட்டினார். மண்வெட்டி ஓங்கும் ஆட்களில் இந்திய உடல்கள் தெரியும். எதிர்த்திசையில் நம் ஓவியர் நந்தலால் போஸ் 1924இல் தாகூரோடு சீனா போனார். இந்த இரண்டு பயணமும் சேர்ந்து ஒரு மணி நேர உரைக்குப் போதும். மாணவர்களுக்குப் பாதிக் கதை முன்பே தெரிந்திருப்பதால் மொழிபெயர்ப்பாளரும் தடுமாற மாட்டார்.

#8 யாழ்மை

பொருட்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது என்ர பக்கம்.

தாள்: ஷுவான் தாள் அன்ஹுய் மாகாணத்து ஜிங் கவுண்டியில் செய்யிறது. நீலச்சந்தனம் என்று சொல்லுற ஒரு மரத்தின்ர பட்டையும் வைக்கோலும் கலந்தது. பட்டை கூடக் கூடத் தாள் உறுதி, விலையும் கூட. மூன்று தரம்: பட்டை ஏறக்குறைய 40 விழுக்காடு உள்ளது மியான்லியாவ், 60 உள்ளது ஜிங்பி, 80 உள்ளது தெஜிங். பயிற்சிக்கு முதலாவது காணும். ஈரத்தில பல தடவை மேல மேல போடுறவருக்கு ஜிங்பி வேணும், இல்லாட்டி தாள் பஞ்சாகப் பிரியும்.

தரத்தை விடக் கவனிக்க வேண்டியது பச்சைத் தாளா பதப்படுத்தின தாளா எண்டது. பச்சைத் தாள் மையை உடனே குடிச்சுப் பரப்பும். மலைநீர்க் காட்சி, மூங்கில் எல்லாம் அதிலதான். படிகாரமும் பசையும் பூசின தாள் பரப்பாது. நுண்கோட்டு வேலை, அடுக்கடுக்கான வண்ணப் பூச்சு எல்லாம் அதில செய்யலாம். மிளிர் வண்ணச் சிற்றோவியம் பழகினவைக்கு இரண்டாவதுதான் கைவரும். கனகாலம் வைச்சிருந்தால் படிகாரத்தால தாள் முறுகும், இடையிடையே பூச்சு விட்டு ஊசித்துளை போல மை கசியும். ஆகையால அதை மொத்தமா வாங்கி அடுக்காதேங்கோ. பச்சைத் தாள் எதிர்மாறு, பழசாகப் பழசாக மை அமைதியா இறங்கும்.

அளவு: கடையில நான்கடி எண்டால் 69 × 138 செ.மீ., ஆறடி எண்டால் 97 × 180. வாங்க முதல் கடைக்காரரிட்ட ஓரத்துண்டு கேளுங்கோ, ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு மை. நல்ல பச்சைத் தாளில மைச்சொட்டு விளிம்பு ஒரே சீராப் பரவும். மொரமொரவெண்டு ஒரு பக்கம் ஓடினால் அது இயந்திரத் தாள் அல்லது வேறு நார்.

மை: போத்தல் மை வகுப்புக்கு வசதி. ஆனால் அந்தப் படத்தைப் பின்தாள் ஒட்டக் குடுத்தால் ஈரம் பட்டுக் கரைஞ்சு ஓடலாம். சில கிழமை காயவிட்டுத்தான் குடுக்க வேணும். கட்டி மையில இரண்டு வகை. எண்ணெய்க் கரி மை கொஞ்சம் வெதுவெதுப்பான கருமை, மினுக்கம். பைன் மரக் கரி மை நீலம் பாய்ஞ்ச மங்கல் கருமை. படத்துக்கு முதலாவது. அரைக்கேக்க குளிர்ந்த நீர், கொஞ்சம் கொஞ்சமா, மெதுவா. வேகமா அரைச்சால் நுரையும் மணலும். முடிஞ்சதும் கட்டியைத் துடைச்சு வையுங்கோ, கல்லில ஒட்ட விட்டால் கல்லின்ர தோல் சேர்ந்து வரும்.

தூரிகை: ஹாங்சோவுக்கு வடக்க ஹூசோ பக்கம் ஷான்லியான் எண்ட ஊர் இதுக்குப் பேர்போனது. ஆட்டுமுடி மிருது, நீர் கனக்கப் பிடிக்கும். மரநாய் வகை முடி விறைப்பு, கோட்டுக்கு நல்லது. பழகுறவை இரண்டும் கலந்ததை வாங்கலாம். புதுத் தூரிகையைச் சுடுநீரில போடவே கூடாது, அடிப் பசை இளகி முடி கொத்தாக் கழரும்.

#9 வண்டல்

யாழ்மை அக்கா சொன்னதோடு ஒன்று. இந்தக் கடைகள் எல்லாமே ஹாங்சோவில் மேற்கு ஏரிக்குப் பக்கத்தில் நான்ஷான் சாலையிலேயே, நுண்கலைக் கழகத்தின் பழைய வளாகத்தைச் சுற்றி இருக்கின்றன. தனியாக எங்கும் அலைய வேண்டாம். பழம்பொருள் கடையில் மட்டும் கவனம். 1911க்கு முந்தைய பொருட்களை நாட்டை விட்டுக் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி கிடையாது. "இது சிங் வம்சத்து மைக்கல்" என்று விற்கிறவர் உண்மை சொன்னால் உங்களுக்குச் சிக்கல், பொய் சொன்னாலும் சிக்கல்.

#10 சிங்கைவாசி

ஹாங்சோவிலேயே வகுப்பில்லாத நாட்களுக்கு வேலை இருக்கிறது. நுண்கலைக் கழகம் 1928இல் லின் ஃபெங்மியான் தலைமையில் தொடங்கியது. அதன் ஷியாங்ஷான் வளாகத்தைக் கட்டாயம் பாருங்கள். பெருநகர ரயில் 6ஆம் தடத்தில் அதன் பெயரிலேயே நிலையம் உண்டு. வடிவமைத்த வாங் ஷூ 2012இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். இடிக்கப்பட்ட வீடுகளின் ஓடும் செங்கல்லும் சுவர்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கோட்டோவியம் வரைய அரை நாள் போதாது. அதே வளாகத்தில் கெங்கோ குமா கட்டிய நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமும், ஆல்வாரோ சீசா கட்டிய வடிவமைப்பு அருங்காட்சியகமும் இருக்கின்றன. பின்னதில் பௌஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியின் சேகரிப்பு.

ஏரியிலுள்ள கூஷான் தீவில் ஷிலிங் முத்திரைக் கழகம், 1904இல் தொடங்கியது. முத்திரை வெட்டுவதைப் பாடத்தில் சேர்க்க நினைப்பவர்கள் ஒரு காலை ஒதுக்கலாம்.

மாகாண அருங்காட்சியகத்தின் பெருமை ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபூசுன் மலைச் சுருளின் ஒரு துண்டு. 1650இல் அதன் சொந்தக்காரர் சாகும் தறுவாயில் தன்னோடு எரிக்கச் சொல்ல, உறவினர் நெருப்பிலிருந்து இழுத்தபோது இரண்டானது. சிறிய துண்டு அரை மீட்டர் நீளம், இங்கே. பெரியது ஆறு மீட்டருக்கு மேல், தைப்பேயில். இரண்டும் 2011இல் தைப்பேயில் ஒரு முறை சேர்த்துக் காட்டப்பட்டன. பெரும்பாலான நாட்களில் மூலம் வெளியே இருக்காது. படத்தில் உள்ள மலையைப் பார்க்க வேண்டுமானால் ஃபூயாங், தோங்லூ பக்கம் ஆற்றோரம் ஒரு நாள் போய்வரலாம்.

#11 நெட்டைப்பனை

சரி, பட்டியலுக்கு வருவோம். என் கணக்கு: ஹாங்சோ, ஜிங்தேசென், ஷாங்காய். முடிந்தது. துன்ஹுவாங் அடுத்த முறை.

#12 வண்டல்

கடுமையாக மறுக்கிறேன். ஓவிய ஆசிரியர் ஒருவர் சீனா வரை போய், ஷாங்காயைப் பார்த்துவிட்டு துன்ஹுவாங்கின் மொகாவ் பௌத்தக் குகைகளை விட்டுவிட்டு வரலாமா? ஷாங்காயில் பார்க்கத் தகுந்தது அருங்காட்சியகத்தின் புதிய கிழக்குக் கட்டடத்தில் உள்ள ஓவியக்கூடம். அதற்கு ஹாங்சோவிலிருந்து அதிவிரைவு ரயிலில் ஒரு மணி நேரம், காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். ஊர் என்று எண்ண வேண்டாம்.

மொகாவில் 735 குகை. ஓவியமும் சிலையும் உள்ளவை 492. சுவரோவியப் பரப்பு 45,000 சதுர மீட்டர். கி.பி. 366இல் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வேலை. அஜந்தாவைப் பாடம் நடத்துகிறவர் அதன் கிழக்குத் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டிய இடம். 254ஆம் குகையில் பசித்த புலிக்கு உடலைக் கொடுக்கும் சாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை. 257இல் ஒன்பது வண்ண மான். உடலுக்கு உள்விளிம்பில் அடர்நிறம் தீட்டி நடுவை மேடாக்கும் முறையைச் சீனர்களே இந்திய முறை என்றுதான் அழைக்கிறார்கள்.

நுட்பமும் அஜந்தாவுக்கு அண்மையானது. மண்ணும் நாரும் கலந்த பூச்சு, மேலே மென்களிமண், வெள்ளை அடித்தளம், காய்ந்த பிறகு பசை கலந்த கனிம வண்ணம். ஈரச் சுண்ணத்தில் தீட்டியதல்ல. வட வேய் வம்சக் காலக் குகைகளில் முகமெல்லாம் கறுத்துத் தடித்த கோடாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு "என்ன நவீனமான கோடு" என்று மயங்க வேண்டாம். சிவப்பு ஈயம் கலந்த தோல் நிறம் ஈய டை ஆக்சைடாக மாறிக் கறுத்தது. தீட்டிய நாளில் அது மென்சிவப்பு நிழல்.

#13 நெட்டைப்பனை

அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த 492இல் எத்தனை காட்டுவார்கள்? முழு நுழைவுச்சீட்டு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை 238 யுவான், எட்டுக் குகை. எந்த எட்டு என்பது வழிகாட்டியின் முடிவு. நீங்கள் சொன்ன 254 சிறப்புக் குகைகளில் வருகிறது, அதற்குத் தனிக் கட்டணம், தனி அனுமதி. கேமரா கூடாது, போனும் கூடாது. உள்ளே விளக்கில்லை, வழிகாட்டியின் டார்ச் ஒன்றுதான். ஒரு குகைக்கு எட்டுப் பத்து நிமிடம்.

#14 வண்டல்

காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. பார்வையாளர் மூச்சில் ஈரம் கூடும். ஈரப்பதம் 62 விழுக்காட்டைத் தாண்டினால் சுவரிலுள்ள உப்பு கரைந்து, காயும்போது மறுபடி படிகமாகி, வண்ணத்தைச் செதில் செதிலாய்த் தள்ளும். மழை நாளில் குகையை மூடிவிடுவதும் அதனால்தான்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முழுச்சீட்டு நாளுக்கு 6,000 மட்டுமே. ஒரு மாதம் முன்பே பாஸ்போர்ட் எண்ணோடு இணையத்தில் பதிய வேண்டும். தீர்ந்தபின் கிடைப்பது நான்கு குகை மட்டும் காட்டும் மாற்றுச்சீட்டு. முதலில் குகைகளிலிருந்து 15 கி.மீ. தள்ளியுள்ள எண்முறை மையத்தில் இரண்டு படம் பார்த்து, அங்கிருந்து பேருந்து. அந்தப் படங்களைத் தவிர்க்க நினைக்காதீர்கள், இருட்டில் பார்க்கப்போவதன் மேற்கூரை அமைப்பு அங்கேதான் தெளிவாகப் புரியும். ஆங்கில வழிகாட்டிக் குழுக்கள் குறிப்பிட்ட நேரங்களில்தான் கிளம்பும். பதியும்போதே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிறப்புக் குகையில் ஒன்று இரண்டு மட்டும் எடுங்கள். 254ஓடு, 642இல் தீட்டிய 220. மறுநாள் குகைகளுக்கு எதிரேயுள்ள காட்சி மையத்தில் முழு அளவு படிக் குகைகள் உள்ளன. வெளிச்சம் உண்டு, நெருங்கி நின்று பார்க்கலாம். ஓவியர் கோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டியது அங்கே. மூலத்தில் நிறத்தையும் அளவையும் மனதில் வாங்கிக்கொண்டு, வரைவதைப் படியில் செய்யுங்கள்.

போக: ஹாங்சோவிலிருந்து சிய்யான் அல்லது லான்சோ வழியாக விமானம். ரயிலில் லியுயுவான் வரை வந்தால் அங்கிருந்து சாலையில் இரண்டு மணி நேரம். துன்ஹுவாங் ஊருக்குள்ளேயே வேறு நிலையம் உண்டு, எது என்று பார்த்துச் சீட்டு வாங்குங்கள். மொத்தம் நான்கு நாள் ஒதுக்கினால் சரியாக இருக்கும். வசந்த காலத்தில் மணற்புயல் விமானத்தை நிறுத்தும், ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்.

#15 ஈரக்களிமண்

ஜிங்தேசென் பற்றி யாரும் சொல்லவில்லையே. இப்போது ஹாங்சோவிலிருந்து நேர் அதிவிரைவு ரயில், மூன்று மணி நேரத்துக்குள். கயோலின் என்று உலகம் முழுக்கச் சொல்லும் மண்ணின் பெயரே பக்கத்திலுள்ள காவ்லிங் ஊரிலிருந்து வந்தது. ஓவியருக்கு அங்கே என்ன வேலை என்றால், வேகவைக்காத பீங்கானில் கோபால்ட் நீலம் தீட்டுவது.

நம் ஊரில் பழகிய முறை முதல் சூளை, பிறகு மெருகு, இரண்டாம் சூளை. அங்கே பெரும்பாலும் ஒரே சூளை. பச்சைப் பாத்திரத்தைக் காயவைத்துச் சீவி மெலிதாக்கி, அதன் மேலேயே தீட்டி, மெருகைத் தெளித்து, 1,300 டிகிரிப் பக்கம், காற்றைக் குறைத்து எரிக்கிறார்கள். பச்சை மண் தூரிகையிலிருந்து நீரை நொடியில் உறிஞ்சும். தயங்கினால் கரை விழும், அழிக்க முடியாது, கத்தியால் சுரண்டத்தான் வேண்டும். ஷுவான் தாளில் கை பழகியிருந்தால் இங்கே பாதி வேலை எளிது. பூச்சுக்குத் தடித்த தூரிகை நிறைய நீர்நிறம் எடுத்து, குமிழாய் நிற்கும் நீரை முனையால் இழுத்துக்கொண்டே போக வேண்டும்; தூரிகை மண்ணைத் தொட்டால் கோடு விழும். தீட்டும்போது சாம்பல் கறுப்பாகத் தெரிவது வெந்த பிறகுதான் நீலமாகும், ஆகவே அடர்த்தியைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. 1, 2, 3, 4 என்று நீர் அளவு மாற்றி ஒரு சில்லில் போட்டு முதலில் எரித்துப் பாருங்கள்.

பிசகுகள்: விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மெருகு ஒதுங்கும். நீலம் தடித்தால் கறுத்துக் கொப்புளிக்கும். அடி தடிமனாக, சுவர் மெலிதாக இருந்தால் அடியில் விரியும். பாத்திரம் 15 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும், உருவத்தை அதற்கேற்பப் பெரிதாக வரையுங்கள்.

நாள் கணக்கு: தயாராகக் காய்ந்த வெற்றுத்தட்டு, குவளையைக் கடையிலேயே வாங்கித் தீட்டலாம். பொதுச் சூளையில் இடத்துக்குத் தகுந்த கட்டணம். இன்று கொடுத்தால் ஏற்றி, எரித்து, ஆறவைத்து எடுக்க இரண்டு நாள். சில்லுச் சோதனையும் சேர்த்து நான்கு நாள் குறைந்தபட்சம். நீங்களே வனைந்தால் காய்வதற்கே ஒரு வாரம், அது உங்கள் அட்டவணையில் நடக்காது.

#16 காவிரிக்கரை

நான்கும் நான்கும் எட்டு. இரண்டு நாள் மிச்சம். பெய்ஜிங் போகலாமா?

#17 சிங்கைவாசி

அரண்மனை அருங்காட்சியகத்துக்காக மட்டும் என்றால், அப்போது என்ன படங்கள் தொங்குகின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். பழைய பட்டுச்சுருள்களைச் சில வாரம் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓய்வில் வைப்பார்கள். புகழ்பெற்ற ஆற்றங்கரைச் சுருள், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், 2015இல் வெளியே வந்தபோது மணிக்கணக்கில் வரிசை. சாதாரண நாளில் அது இருக்காது. ஓவியக்கூடம் வென்ஹுவா மண்டபத்தில். சீட்டு ஏழு நாள் முன்பு இரவு 8 மணிக்குத் திறக்கும், திங்கள் விடுமுறை, தெற்கு வாசல் வழியாக மட்டும் நுழைவு.

#18 வண்டல்

பெய்ஜிங்குக்குப் பதில் சுவான்சோ போங்கள். ஹாங்சோவிலிருந்து ஐந்து மணி நேரம் அளவில் ரயில். கைய்யுவான் கோவில் பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்: நரசிம்மர், காளியன் மேல் கண்ணன், ஆடை திருடும் கண்ணன். முன் மேடையின் அடித்தளத்தில் 73 சிங்க, மனிதமுகச் சிங்கப் பலகைகள். அழிந்த ஒரு சிவன் கோவிலின் கற்களை மிங் காலத் திருப்பணியில் எடுத்து வைத்தவை என்று கருதப்படுகிறது. கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை யானை வழிபடும் சிற்பம் இருக்கிறது. திருவானைக்காவைத் தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் திருமேனி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு, சகம் 1203 சித்திரை, அதாவது 1281, இந்த ஊரில் கிடைத்ததுதான்.

கவனிக்க வேண்டியது வெட்டுமுறை. அமைப்பு சோழ நாட்டது, கல் உள்ளூர்க் கருங்கல், முகமும் ஆடை மடிப்பும் சீனக் கை. உங்கள் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்லைடு கிடைக்காது. வகுப்பு தொடங்கும் முன்பே போய்ப் படமெடுத்துவிட்டால் பாடத்திலும் சேர்த்துவிடலாம்.

#19 நெட்டைப்பனை

இதை ஒப்புக்கொள்கிறேன். சுவான்சோ முன்னால், ஜிங்தேசென் பின்னால், இடையில் வகுப்பு. துன்ஹுவாங் சீட்டு கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் அழ வேண்டாம்.

மிச்ச நடைமுறை: பணம் செலுத்த அலிபே, வீசாட் இரண்டையும் ஊரிலேயே நிறுவி விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணையுங்கள். புது வீசாட் கணக்குக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறவரின் உறுதிப்பாடு கேட்கலாம். கல்லூரித் தொடர்பாளரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வங்கி ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங் வேண்டும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்திருக்க வேண்டும். ஒரு முறை செலுத்துவது 200 யுவான் வரை என்றால் கட்டணமில்லை, மேலே போனால் 3 விழுக்காடு. கூகுள் வரைபடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், அமாப் என்ற சீன வரைபடச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

ரயில் நிலையத்தில் பை சோதனை உண்டு. டர்பன்டைன், ஸ்ப்ரே, நீண்ட வெட்டுக்கத்தி எடுத்துக்கொள்வார்கள். உள்நாட்டு விமானத்தில் 3சி முத்திரை (சீனக் கட்டாயத் தரச்சான்று) இல்லாத பவர் பேங்க் 28.6.2025 முதல் அனுமதியில்லை. நம் ஊரில் வாங்கியதில் அது பெரும்பாலும் இருக்காது, அங்கேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

#20 காவிரிக்கரை

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: தாளை எப்படிக் கொண்டுவருவது? ஆறடித் தாள் 97 செ.மீ. அகலம் என்றால் குழாய் விமானத்தில் ஏறுமா?

#21 யாழ்மை

ஆறடிப் பச்சைத் தாளைச் சுருட்டாதேங்கோ. வெறுந்தாளைக் கடையிலேயே மடிச்சுத்தான் கட்டித் தருவினம், மடிப்பு ஈரம் பட்டால் போயிடும். பெட்டிக்குள்ள தட்டையா, இரண்டு அட்டைக்கு நடுவில, பிளாஸ்டிக் உறையோட. வரைஞ்ச படம் எண்டால் குழாய். பின்தாள் ஒட்டாத படத்தையும் மெலிசா மடிக்கலாம், ஊருக்கு வந்து ஒட்டேக்க நேராகும். ஆனால் பதப்படுத்தின தாளை ஒருபோதும் மடிக்காதேங்கோ, மடிப்பில பூச்சு உடைஞ்சு அந்தக் கோட்டில மை கசியும். அதை உருட்டிப் போட, 75 செ.மீ. நீளமும் 8 செ.மீ. விட்டமும் உள்ள குழாயில நான்கடித் தாள் அடங்கும்.